பூனை உரைத்தலும் மனிதர் உணர்தலும்: ஆர்.கே.பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வீட்டுப் பூனை மனிதரைப் பார்த்துக் கத்தினால் அதற்கு என்ன பொருள் என்ற கேள்வி தமிழ்நாட்டு அடுப்படிகளில் நாள்தோறும் எழுகிறது. நாள்தோறும் அதற்கு ஒரே விடைதான் தரப்படுகிறது: “பசிக்குது போல.” தட்டு காலியாக இருந்தாலும் இதே விடை, நிறைந்திருந்தாலும் இதே விடை. கதவு சாத்தியிருந்தாலும், மழை அடித்தாலும், பக்கத்து வீட்டுக் கடுவன் மதில்மேல் வந்து உட்கார்ந்திருந்தாலும் இதே விடை. ஐந்து கேள்விக்கும் ஒரே விடையை எழுதும் பத்தாம் வகுப்பு மாணவரை நாம் தேர்ச்சி பெற விடுவதில்லை. பூனை வளர்ப்போரை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

இந்த அநீதியைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் இது: பூனைமொழி என்று பொதுவாக ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று உண்டு. அதைப் பூனையும் அதற்குச் சோறு வைப்பவரும் கூடி உருவாக்குகிறார்கள். அந்தக் கூட்டு முயற்சியில் உழைப்பு பெரும்பாலும் பூனையுடையது. பலன் ஏறக்குறைய முழுவதும் பூனையுடையது.

வீட்டுப் பூனை மனிதரோடு நடத்தும் பேச்சு மட்டுமே இங்கு ஆராயப்படுகிறது. ஓட்டின் மேல் நள்ளிரவில் பூனைகள் தமக்குள் நடத்தும் வாக்குவாதங்கள் விலக்கப்படுகின்றன. அவற்றின் பொருள் தெருவுக்கே விளங்கும், ஆய்வு தேவையில்லை. தகவலாளர்கள் நாளில் 12 முதல் 16 மணி நேரம் உறங்குபவர்கள் என்பதும், விழித்திருக்கும் நேரத்தில் கேள்விக்கு விடை சொல்லும் கடப்பாடு தமக்கு உண்டென்று கருதாதவர்கள் என்பதும் இத்துறையின் பழைய இடர்ப்பாடுகள்.

2. ஆய்வுக் களம்

ஆர்.கே.பேட்டை, விரித்துச் சொன்னால் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் இடையே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பூனை ஆய்வுக்கு இதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, நெசவு. பக்கத்து அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போலவே இங்கும் தறிச் சத்தம் உண்டு. நெசவாளர் வீட்டில் பூனை செல்லப் பிராணி என்பதைவிட ஊழியர் என்பதே பொருத்தம். கஞ்சி போட்டு விறைப்பேற்றிய பாவு நூலை எலி விடாது. ஓர் இரவில் எலி கடித்து அறுத்த இழைகளை மறுநாள் ஒவ்வொன்றாகப் பிணைத்துச் சேர்ப்பதற்குள் அரை நாள் கூலி போய்விடும். அந்த அரை நாள் கூலிக்காகத்தான் பூனைக்கு வீட்டுக்குள் இடம். இதில் ஒலியியல் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. விசைத்தறி ஓடும் கொட்டகையில் ஒருவர் பேசுவது பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்தும், தோளைத் தட்டியும், கையை ஆட்டியும்தான் வேலை நடக்கிறது. அங்கே வாழும் பூனை குரலை மட்டும் நம்பினால் பட்டினிதான். ஆகவே தறி வீட்டுப் பூனையிடம் உடல்மொழி செழிக்க வாய்ப்பு அதிகம். நெய்பவரின் மடியில் நேராக ஏறி உட்கார்வது அம்மொழியின் உச்சம்.

இரண்டாவது, மொழி. திருத்தணி வட்டாரம் 1960 மார்ச் வரை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கர் பரிந்துரைப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழி பேசுவோர் மிகுதி என்று பார்த்துக் கோடு கிழித்தார்கள். பூனைகளின் தாய்மொழி எந்தக் கட்டத்திலும் விசாரிக்கப்படவில்லை. இன்றும் இவ்வட்டாரத்தில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, மூன்றாம் வீட்டில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் கேட்கலாம். முதல் வீட்டில் ‘பூனை’யாகவும் இரண்டாம் வீட்டில் ‘பில்லி’யாகவும் இருந்து, இரு வீட்டிலும் சாப்பிட்டுவரும் விலங்கு, எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் ஒரே அளவு பொருட்படுத்தாமையைக் காட்டுகிறது. இருமொழிக் கொள்கை இவ்வளவு சமநிலையோடு செயல்படும் இடம் வேறில்லை.

3. முன்னோர் ஆய்வுகள்

தமிழர் இத்துறையில் தொடக்கத்திலிருந்தே ஈடுபட்டவர்கள். குறுந்தொகையின் 107ஆம் பாடலில், மதுரைக் கண்ணனார் படைத்த தலைவி, விடியலில் கூவித் தன் உறக்கத்தைக் கெடுத்த சேவலைச் சபிக்கிறாள்: நடுச்சாமத்தில் வீட்டு எலிக்காகக் காத்திருக்கும் காட்டுப்பூனைக் குட்டிக்கு நீ இரையாகக் கடவாய் என்பது சாபத்தின் சாரம். இங்கே கத்துவது சேவல். பூனை வாயே திறப்பதில்லை. பூனையைப் பற்றிச் சொல்ல வந்த புலவர் அதன் ஒலியை விட்டுக் காத்திருப்பைப் பிடித்துக்கொண்டது, முறையியல் நோக்கில் மிகச் சரியான தொடக்கம்.

அடுத்த சான்று கல்லில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் ‘அர்ச்சுனன் தபசு’ என வழங்கும் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒரு பூனை தவம் செய்கிறது. காலடியில் எலிகள். தவசி வேடமிட்ட பூனையை நம்பிக் கெட்ட எலிகளின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலும் உண்டு. பூனையின் நிற்கும் நிலையைப் பார்த்து அதன் நோக்கத்தை ஊகித்தால் என்ன ஆகும் என்பதைப் பல்லவச் சிற்பி, வருங்கால ஆய்வாளர் அனைவரும் பார்க்கும்படி, கடற்கரைப் பாறையிலேயே செதுக்கிவைத்தார்.

கம்பர் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டார். உரையாசிரியர்கள் இதில் புலவரின் பணிவைக் கண்டார்கள். கால்நடை மருத்துவர் ஒருவர் உரை எழுதியிருந்தால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை என்ற குறிப்பையும் சேர்த்திருப்பார். கடலை முடிக்க முடியாமைக்கு அதன் பரப்பு மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை.

எல்லை மாவட்டத்துக்கு மிக நெருக்கமான ஆவணம் தெனாலிராமன் கதை. எலித் தொல்லையை ஒழிக்கக் கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பால் தர ஒரு பசுவும் கொடுக்கிறார். ராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைக்கிறான். நாக்கு வெந்த பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடுகிறது. அரசவையில் பூனை ஓடிக் காட்டியபோது ‘இதற்குப் பால் பிடிக்காது’ என்று அனைவரும் புரிந்துகொண்டார்கள். பூனை சொன்னதோ ‘இந்த வீட்டில் தரும் பாலை நம்ப முடியாது’ என்பது. சிரிப்புக் கதையாகவே சொல்லப்பட்டுவரும் இது, உண்மையில் ஒரு தவறான பொழிப்புரையின் வரலாறு.

மேலைநாட்டு முயற்சிகளில் இரண்டைச் சொன்னால் போதும். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் துபோன் த நெமூர் (1739–1817) விலங்குகளின் பேச்சை ஆராய்ந்து, நாய்க்கு உள்ள உயிரொலிகளோடு பூனைக்குக் கூடுதலாக ஆறு மெய்யொலிகளும் உண்டு என்று அறிவித்தார். இவருடைய மகன் 1802-இல் அமெரிக்காவில் தொடங்கிய வெடிமருந்து நிறுவனம்தான் பின்னாளில் நைலானைக் கண்டுபிடித்த டூபான்ட். பூனை ஆய்வும் செயற்கை இழையும் ஒரே குடும்பத்தில் விளைந்தவை என்பது நெசவு ஊரில் சொல்லத்தக்க செய்தி.

மற்றவர் நியூயார்க்கைச் சேர்ந்த மார்வின் கிளார்க். 1895-இல் வெளியிட்ட நூலில், கிரிமால்டி என்ற பிரெஞ்சுப் பேராசிரியரின் ஆய்வு என்று சொல்லி, பூனையின் அகராதியையே தந்தார். முதன்மைச் சொற்கள் பதினேழு. அவற்றில் தண்ணீருக்கு ‘அலிலூ’, உணவுக்கு ‘ஏலியோ’. நம் ஊர்ப் பூனைகளின் உணவுப் பழக்கத்தை அந்தப் பிரெஞ்சுப் பேராசிரியர் எப்படி அறிந்தார் என்று தமிழ் வாசகர் வியக்கலாம். அகராதியோ எந்த வீட்டிலும் வேலை செய்யவில்லை. காரணம் அடுத்த இயலில்.

4. குரலியல்

1944-இல் அமெரிக்கரான மில்ட்ரெட் மோயல்க், வீட்டுப் பூனையின் ஒலிகளைக் காதால் கேட்டு, ஒலிக்குறியீடுகளில் எழுதி, 16 வகைகளாகப் பிரித்தார். பிரிப்பின் அடிப்படை வாய். வாயை மூடிக்கொண்டு எழுப்பும் முனகல்கள் ஒரு வகை. திறந்து மெல்ல மூடும்போது வருபவை இரண்டாம் வகை. இறுக்கித் திறந்தே வைத்துக் கத்துபவை மூன்றாம் வகை. எழுத்துகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியத்தில் தனி இயலே வைத்திருக்கும் மரபினருக்கு இம்முறை பழக்கமானதுதான். ‘மியாவ்’ இரண்டாம் வகை. சீற்றமும் ஓட்டின் மேல் கேட்கும் ஓலமும் மூன்றாம் வகை. அவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பது முன்பே சொல்லப்பட்டது.

‘மியாவ்’ பற்றிய முதன்மை உண்மை இது: குட்டிகள் தாயைப் பார்த்து அப்படிக் கத்தும், வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து அப்படிக் கத்துவது அரிது. வளர்ந்த பின்னும் அது கேட்பது பெரும்பாலும் மனிதர் முன்னால்தான். அதாவது, அது பூனைகள் தமக்குள் பேசும் மொழி அன்று. மூக்கும் வாலும் கொண்டு சொன்னால் விளங்காத ஓர் இனத்துக்காக அவை எடுத்துவைத்துக்கொண்ட ஒலி.

அப்படியென்றால் நமக்கு அது விளங்க வேண்டும் அல்லவா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ இதைச் சோதித்தார். உணவு கேட்பது, சண்டை, பாசம், கதவடைப்பு, துன்பம் என ஐந்து சூழல்களில் பதிவுசெய்த கத்தல்களைப் போட்டுக் காட்டி, எது எதற்கு என்று கேட்டார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி, கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே மேலாகச் சொன்னார்கள். பூனையோடு பழகியவர்கள் இன்னும் கொஞ்சம் மேல். 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு விஷயத்தின் முடிச்சை அவிழ்த்தது. சொந்தப் பூனையின் குரல் என்றால் சிலருக்காவது சரியாக வந்தது. யாரோ வீட்டுப் பூனை என்றால் வரவில்லை. கிளார்க்கின் அகராதி ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது தெளிவு. ஒரு வீட்டில் கதவைத் திறக்கச் சொல்லும் ஒலி, அடுத்த தெருவில் கருவாட்டுக்குரிய ஒலியாக இருக்கக்கூடும். எந்த ஒலிக்கு எந்த மனிதர் எழுந்து வருகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பூனை தன் சொற்களைத் தேர்கிறது.

‘குர்ர்ர்’ என்ற கொஞ்சலுக்கும் இது பொருந்தும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப், தம் பூனை பெப்போ விடியற்காலைகளில் தம்மை எழுப்பும் விதத்தால் தூண்டப்பட்டு, 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வழக்கமான ‘குர்ர்ர்’ தணிந்த ஒலி. காரியம் ஆக வேண்டிய வேளையில் மட்டும் சில பூனைகள் அதற்குள் 220 முதல் 520 ஹெர்ட்ஸ் வரையிலான ஓர் அழுகையைப் பொதிந்துவைக்கின்றன. மனிதக் குழந்தையின் அழுகை 300 முதல் 600 ஹெர்ட்ஸ். பூனையே வளர்த்திராதவர்களும் இந்தக் குர்ர்ரைக் கேட்டதும் ‘அவசரம்’ என்றார்கள். தொட்டில் ஆட்டிப் பழகிய கை, பாதித் தூக்கத்திலேயே மீன்சட்டி மூடியைத் திறப்பதற்கு இதுவே விளக்கம்.

மெக்கோம்ப் இன்னொன்றையும் கவனித்தார். ஓர் ஆளோடு ஒரு பூனையாக வாழும் வீடுகளில்தான் இந்த நுட்பம் வளர்கிறது. ஆளும் சத்தமும் மிகுந்த வீடுகளில் குர்ர்ர் எடுபடாது, கத்தினால்தான் எடுபடும். ஆர்.கே.பேட்டையின் கூட்டுக் குடும்பமும் விசைத்தறியும் சேர்ந்த வீட்டில் எது ஓங்கும் என்று வாசகர் ஊகிக்கலாம்.

கத்தல் யாரை நோக்கி எழுகிறது என்பதும் ஆராயத்தக்கது. துருக்கியில் நடந்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியிலிருந்து வீடு திரும்பும் பெண்களைவிட ஆண்களைப் பார்த்துப் பூனைகள் அதிகத் தடவை கத்தின. ஆண்கள் கவனிப்பது குறைவு, ஆகவே அவர்களிடம் வெளிப்படையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த ஊகங்களில் ஒன்று. இதை நிறுவ அங்காரா வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் வியப்பு. திருத்தணிப் பக்கத்து அடுப்படி ஒவ்வொன்றிலும் இது நெடுநாள் வழக்கிலுள்ள கோட்பாடு.

உள்ளூருக்கே உரிய ஒரு சூழலையும் பதிய வேண்டும். திருத்தணி முருகன் மலையைச் சுற்றியுள்ள வீடுகள் பலவற்றில் கிருத்திகையன்று கவிச்சி கிடையாது. 27 நாளுக்கு ஒருமுறை வரும் இந்த நட்சத்திரம் பூனையின் நாட்காட்டியில் இல்லை. முன்னறிவிப்பின்றி மீன் நின்றுபோகும் அந்நாளில் எழும் கத்தல், பசிக்கும் வெறும் கோபத்துக்கும் இடைப்பட்ட ஒரு தனி வகை. மோயல்க்கின் பதினாறில் அதற்கு இடமில்லை. சமாதானத்துக்குச் சர்க்கரைப் பொங்கலை வைப்போர் ஓர் உயிரியல் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். இனிப்பை உணர்வதற்கான ஏற்பிக்குரிய மரபணு பூனைகளில் செயலிழந்தது என்று அமெரிக்காவின் மோனெல் ஆய்வு நிலையத்தினர் 2005-இல் கண்டறிந்தார்கள். பொங்கலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் பூனை பிரசாதத்தை அவமதிக்கவில்லை. அதற்கு அது வெறும் சோறு.

5. வாலும் கண்ணும் காதும்

வால் நட்டமாக நின்றால் நல்லெண்ணம். குட்டி தாயை நோக்கி ஓடும்போது வாலைத் தூக்கும். வளர்ந்த பூனை இன்னொரு பூனையை நட்போடு அணுகும்போதும், சோறு போடுபவரைக் காணும்போதும் அதையே செய்யும். வால் பருத்து மயிர் சிலிர்த்தால் அச்சமும் சினமும். படுத்தபடி நுனியை மட்டும் ஆட்டினால் பொறுமை குறைகிறது. முழு வாலையும் தரையில் அடித்தால் தீர்ந்துவிட்டது. இங்கே நாயோடு பழகியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். நாய் வாலாட்டினால் தடவிக் கொடுப்பதும், அதே நினைப்பில் வாலடிக்கும் பூனையைத் தடவப்போய்க் கையில் கீறலோடு திரும்புவதும் தெருவுக்குத் தெரு காணும் காட்சி.

காதைத் தனித்தனியே திருப்பும் ஆற்றல் பூனைக்கு உண்டு. முன்னோக்கினால் ஆர்வம், பக்கவாட்டில் சாய்ந்தால் கலக்கம், தலையோடு ஒட்டிவிட்டால் கையை எடுத்துவிட வேண்டியதுதான். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிட, பூனைக் காது 60,000-ஐயும் தாண்டும். பாவு நூல் கட்டுக்கு அடியில் எலிக்குஞ்சு எழுப்பும் ஒலி வீட்டில் வேறெவருக்கும் கேட்காது. வெறும் சுவரைப் பார்த்துப் பூனை வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் மந்திரிக்க ஆள் தேட வேண்டாம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கண் பற்றிய ஆய்வு தமிழ்ப் பழமொழி ஒன்றை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும் என்று ஏளனம் செய்துவருகிறோம். சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. மனிதர் பூனையைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சுருக்கி, சற்றே மூடித் திறந்தால், பூனையும் திருப்பி அப்படியே செய்கிறது. முன்பின் அறியாத ஆள் அவ்வாறு இமைத்துவிட்டுக் கையை நீட்டினால், வெறும் முகத்தோடு நீட்டியவரைவிட அவரிடம் பூனை கூடுதலாக நெருங்கிவருகிறது. கண்ணை மூடுவது அறியாமை அன்று. ‘உன்னைக் கண்காணிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை’ என்ற மரியாதை. பழமொழியைத் திருத்த வேண்டுமா, அடிக்குறிப்பு சேர்த்தால் போதுமா என்பதைத் தமிழறிஞர்கள் முடிவுசெய்யலாம்.

முகபாவங்களை எண்ணியவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பூனைக் காப்பிக்கடை ஒன்றில் பூனைகளைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2023-இல் 276 முகபாவங்களை அறிவித்தார்கள். பரதநாட்டியம் ஒன்பது ரசங்களோடு நிறைவடைந்துவிட்டதை இத்துடன் ஒப்புநோக்குக.

6. கொடையியல்

விடிந்ததும் வாசற்படியில், சில வேளை தலையணை அருகில், செத்த எலி. இச்செய்தியின் பொருள் குறித்து அறிஞரிடையே மூன்று கட்சிகள்.

முதற்கட்சி இதைக் காணிக்கை என்கிறது. இது பூனை வளர்ப்போரின் கட்சி. உணர்ச்சி மிகுதி, சான்று குறைவு. இரண்டாம் கட்சி இதைப் பாடம் என்கிறது. தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த இரையையும், பிறகு குற்றுயிராக உள்ளதையும் கொண்டுவந்து வேட்டை பழக்கும். ஆண்டுக்கணக்கில் ஓர் எலியைக்கூடப் பிடிக்காத வீட்டுத் தலைவரைப் பார்த்து அது இரங்குவதில் தவறில்லை. மூன்றாம் கட்சியின் தலைவர் பிரிட்டன் உயிரியலாளர் ஜான் பிராட்ஷா. பூனை இரையை நிம்மதியாகத் தின்ன வீட்டுக்குக் கொண்டுவருகிறது. வந்த இடத்தில் தட்டில் வைத்திருப்பது எலியைவிட ருசி என்பது நினைவுக்கு வர, எலியை அங்கேயே போட்டுவிடுகிறது. இதன்படி அது நமக்கு எழுதிய கடிதமே அன்று. பாதியில் கைவிட்ட சாப்பாடு.

நெசவாளர் வீட்டில் நான்காவதாக ஒரு விளக்கத்துக்கு இடமுண்டு. ஊழியர் தம் பணி முடிந்ததற்குக் கணக்குக் காட்டுகிறார். கூலித் தறி நெய்பவர் நெய்த சேலையை மாஸ்டர் வீவரிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டாமல் கூலி வாங்குவதில்லை. வீட்டுக்குள் நாள்தோறும் நடப்பதைப் பூனை கவனிக்காமல் இருந்திருக்க நியாயமில்லை.

7. சரணாகதியும் கிளிப்பும்

பூனை எதுவும் சொல்லாமல் இருப்பதையே தத்துவமாக்கிய பெருமை தமிழ் வைணவத்துக்கு உண்டு. குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் ஆன்மா இறைவனைப் பற்ற வேண்டும் என்பது மர்க்கட நியாயம்; வடகலையார் கொள்கை. பூனைக்குட்டி எந்த முயற்சியும் செய்யாமல் கிடக்க, தாயே பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்வதுபோல் இறைவனே ஆட்கொள்வான் என்பது மார்ஜார நியாயம், தென்கலையார் கொள்கை. ஆய்வுக் களத்தின் வசதியை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஆர்.கே.பேட்டைக்கு அருகிலேயே சோளிங்கர் யோக நரசிம்மர் மலையும் ஆஞ்சநேயர் மலையும். படி ஏறுவோர் கையிலிருந்து தேங்காயையும் பழத்தையும் பறிக்கும் குரங்குகளுக்கு அங்கே பஞ்சமில்லை. முதற்கொள்கையை அங்கே பார்த்துவிட்டு, இரண்டாவதைத் தறி வீட்டுப் பரணில் பார்க்கலாம். இரண்டு சம்பிரதாயங்களுக்கும் நேரடிச் சான்று ஒரே பேருந்து வழித்தடத்தில் கிடைக்கிறது.

பிடரியைக் கவ்வியதும் குட்டி துவண்டு தொங்குவது உண்மையில் என்ன? 2008-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டனின் குழுவினர், காகிதக் கட்டுகளுக்குப் போடும் கிளிப்புகளைப் பூனைகளின் பிடரியில் மாட்டிப் பார்த்தார்கள். பல பூனைகள் அடங்கிக் கிடந்தன. அச்சத்தின் அறிகுறிகள் தென்படவில்லை. மருத்துவ உலகம் இதை ஒரு வகை உடலியல் அனிச்சை என்றது. தென்கலை ஆசிரியர்கள் இதைப் படித்திருந்தால், ‘முயற்சியின்மையும் அவனருளே’ என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். இருப்பினும், வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்க வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. எடை கூடிய பின் இறைவனும் இரு கையாலும் தூக்குவதே முறை.

8. மறுதலை: அதற்கு நாம் விளங்குகிறோமா?

ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைத்தோ 2013-இல் பூனைகளுக்கு அயலார் குரல்களையும் வளர்ப்பவர் குரலையும் பதிவுசெய்து கேட்கவைத்தார். வளர்ப்பவரின் குரலைப் பூனைகள் அடையாளம் கண்டன. காது திரும்பியது, தலை அசைந்தது. எழுந்துவர முன்வந்தவை மிகச் சில. 2019-இல் அவரே இன்னும் ஒருபடி போய், தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பூனைகள் பிரித்தறிகின்றன என்று காட்டினார். அப்போதும் காதோடு சரி. 2022-இல் பாரிஸ் நான்தேர் பல்கலைக்கழகத்தின் சார்லட் த மூசோன், வளர்ப்பவர் கொஞ்சும் தொனியில் பேசினால் பூனை விழிப்படைவதையும், அதே தொனியில் அந்நியர் கொஞ்சினால் கண்டுகொள்ளாததையும் பதிவுசெய்தார்.

ஆக, கேட்கவில்லை என்று வருந்துவதற்கு இடமில்லை. கேட்டிருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்த அனுபவமுள்ளோர்க்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

மனிதத் தரப்பு இதற்குக் கருவி கண்டது. அமேசானின் அலெக்ஸா பணியில் இருந்த ஜேவியர் சான்செஸ் 2020-இல் ‘மியாவ்டாக்’ என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட உதவினார். பூனை கத்தினால் அது சொல்லாக்கித் தரும். சில பொதுவான பொருள்களைச் செயலி தானே ஊகிக்கும். அதற்குமேல் அந்தந்தப் பூனையின் கத்தலுக்கு வீட்டுக்காரர் பொருள் சொல்லித் திருத்தித் திருத்திப் பழக்க வேண்டும். அதாவது, பூனை சொல்வது என்ன என்று அறிய விரும்புவோர் அதை முன்கூட்டியே அறிந்து செயலிக்குத் தெரிவித்தால், செயலி அதைத் திரும்பச் சொல்லும். கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

9. மேலாய்வுக்கான பரிந்துரைகள்

முதலாவது, தொனி ஆய்வு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஒலியியலாளர் சுசான் ஷோட்ஸ், பூனையும் மனிதரும் ஒருவருக்கொருவர் பேசும் ஏற்ற இறக்கங்களை 2016-இல் தொடங்கிய திட்டத்தில் ஆராய்ந்தார். 2021-இல் இக் நோபல் பரிசும் பெற்றார். வளர்ப்போரின் வட்டார வழக்கு பூனையின் குரலில் படிகிறதா என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. ஸ்வீடனின் இரு வட்டார வழக்குகளை ஒப்பிடும் அவருடைய ஆய்வுக்கு, ஒரே தெருவில் இரு மொழிகள் ஒலிக்கும் வடக்கெல்லை ஊர்கள் மிகப் பொருத்தமான இணைக்களம்.

இரண்டாவது, கிருத்திகைக் கத்தல். இதற்கான தரவு 27 நாளுக்கு ஒருமுறையே கிடைக்கும் என்பதால் முனைவர் பட்டத்துக்கான கால நீட்டிப்பைப் பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே வழங்க வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று தரவு மிகுதியாக இருக்கும், ஆய்வாளர்களோ கூட்ட நெரிசலில் சிக்கியிருப்பார்கள் என்பதால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது, உரிமைப் பிரச்சினை. தகவலாளரைக் கட்டுரையின் இணை ஆசிரியராகச் சேர்க்க வேண்டும். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தனியொருவராக எழுதிய கட்டுரையில் ‘நாங்கள்’ என்று குறிப்பிட்டுவிட்டார். தட்டச்சு செய்ததை முழுக்கத் திருத்தச் சோம்பி, தம் சயாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி.வில்லார்ட் என்ற பெயரில் இரண்டாம் ஆசிரியராக்கினார். 1975-இல் புகழ்பெற்ற இயற்பியல் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. பின்னர் சில பிரதிகளில் பூனையின் பாதச் சுவடே கையொப்பமாக இடப்பட்டது. அதே வில்லார்ட் 1980-இல் பிரெஞ்சு அறிவியல் இதழ் ஒன்றில் தனி ஆசிரியராகவும் எழுதினார். ஆர்.கே.பேட்டைத் தகவலாளர்களுக்கும் இவ்வுரிமையை மறுக்க முடியாது. மதிப்பூதியத்தை ஏரி மீனாகத் தருவதா, கருவாடாகத் தருவதா என்பதை நிதிக்குழு தீர்மானிக்கலாம். கிருத்திகையன்று வழங்கும் வழக்கம் இல்லை என்பதை நியமன ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது. பிற்பாடு வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதற்கு மொழி இன்னும் தயாராகவில்லை.